வெள்ளியாக நடித்த மரத்துண்டு

உலக இலக்கியத்திலே மிகவும் பிரசித்தி பெற்ற சிகரட் பெட்டி எது என்று எவரேனும் என்னைக் கேட்பாராயின், ஒருபோதும் இருந்திராத ஒரு பெட்டியையே நான் சுட்டிக் காட்டுவேன். 1866ஆம் ஆண்டில் ரஷ்யச் சஞ்சிகையொன்றில் தொடராக வெளிவந்த தொஸ்தோயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் வருவது அது. வெள்ளியிலான சிகரட் பெட்டி என்று சொல்லிக் கொண்டுவரப்படுகின்றது. அது வெள்ளியல்ல என்பதைக் கொண்டுவருபவனும் வாசிக்கும் நாமும் மாத்திரமே அறிவோம்.

நாவலை வாசித்த நேயர்களுக்கு அக்காட்சி மறந்திராது. ரஸ்கோல்நிக்கோவ் என்னும் வறிய மாணவன், அடைவு பிடிக்கும் கிழவியான அல்யோனா இவானொவ்னாவிடம் முதலிலே தன் தந்தையின் பழைய வெள்ளிக் கடிகாரத்தைக் கொண்டு செல்கின்றான். நான்கு ரூபிள் கேட்கின்றான். ஒன்றரை ரூபிள்தான் தரலாம் என்கிறாள் அவள். மாதத்துக்கு ரூபிளுக்குப் பத்துக் கொப்பெக் வட்டி. அதையும் முற்கூட்டியே கழித்துக்கொள்கிறாள். முன்னர் வாங்கிய கடனின் வட்டியையும் சேர்த்தே கழிக்கிறாள். ஈற்றில் அவன் கைக்கு வந்து சேர்வது 1 ரூபிள் 15 கொப்பெக். புறப்படும்போது, இன்னும் ஓரிரு நாளில் நல்ல வெள்ளிச் சிகரட் பெட்டியொன்று கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகின்றான்.

அடுத்த முறை அவன் கொண்டுவருவது ஒரு பட்டறை முற்றத்திலே கண்டெடுத்த, வழவழப்பாகச் சீவிய மரப்பலகைத் துண்டு. நீளமும் தடிப்பும் ஒரு வெள்ளிச் சிகரட் பெட்டியின் அளவுதான். மரம் பாரமற்றது என்பதால் தெருவிலே பொறுக்கிய மெல்லிய இரும்புத் தகடொன்றை அதனோடு சேர்த்து நூலாற் கட்டுகின்றான். வெள்ளைத் தாளிற் சுற்றி, அவிழ்ப்பதற்குச் சிரமமான முடிச்சொன்றைப் போடுகின்றான். கிழவி வெளிச்சத்துக்காக யன்னற் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த முடிச்சோடு போராடுகிறாள். கோடரி மேலங்கியின் உள்ளே இருக்கின்றது.

உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் இந்நாவலை மாலைவேளைகளிலே வாசித்து வந்தபோது, ஒரு மாணவன் கேட்டான்: “ஏன் சேர் சிகரட் பெட்டி? மோதிரம் என்று சொல்லியிருக்கலாமே?” நல்ல கேள்வி. மோதிரத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டால் எவருக்கும் சந்தேகம் வரும். சிகரட் பெட்டியோ தட்டையானது, கைக்குப் பாரமானது, உள்ளே திறந்து பார்க்க வேண்டியது, வறியவன் வீட்டிலும் நல்ல காலத்தின் எச்சமாகக் கிடக்கக் கூடியது. எனினும் இந்த விடை எனக்கே போதவில்லை. அக்காலத்து ரஷ்யாவிலே அந்தப் பெட்டி எதனைக் குறித்தது என்பதை அறிய முற்பட்டபோது, வழி நேரே நெருப்பின் வரலாற்றுக்குட் சென்றது. நான் புகைப்பவன் அல்லன். அரும்பொருட்சாலைகளின் விபரப் பட்டியல்களிலே உள்ள படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தவன் மாத்திரமே.

முதலிற் பெயர்களைப் பார்ப்போம். தமிழாசிரியனுக்கு இது தவிர்க்க முடியாத பழக்கம். ரஷ்யர் இப்பெட்டியைப் ‘போர்ட்சிகார்’ என்பர். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். சுருட்டைத் தாங்குவது என்பது பொருள். ஐரோப்பியர் நமது ‘சுருட்டை’யும் விட்டுவைக்கவில்லை, ஆங்கிலத்தின் ‘செரூட்’ அதிலிருந்தே பிறந்தது. ஆனால் ரஷ்யப் பெட்டிக்குள்ளே பெரும்பாலும் இருந்தது சுருட்டன்று, ‘பாப்பிரோசா’. பாதி நீளத்துக்குமேல் வெறும் அட்டைக் குழல். நுனியில் மெல்லிய தாளுக்குள்ளே புகையிலை. போலந்து மொழி வழியாக வந்த இப்பெயரின் அடியிலே பப்பிரசுத் தாள் இருக்கின்றது. வெற்றுக் குழல்களை வாங்கி வீட்டிலே தாமே புகையிலை அடைத்துக்கொள்வோரும் பலர். தொஸ்தோயெவ்ஸ்கியும் அவர்களுள் ஒருவர். அட்டைக் குழல் சட்டைப்பையிலே நசிந்துவிடும். ஆகவே வன்மையான ஒரு பெட்டி வேண்டியதாயிற்று.

இனி நெருப்புக்கு வருவோம். ரஷ்ய நகரங்கள் மரத்தாலானவை. அந்நாட்டிலே புகையிலையின் வரலாறு தீயச்சத்தின் வரலாறுமாகும். 1634இல் மொஸ்கோவிலே பெருந்தீ மூண்டதையடுத்து, சார் மிகயில் புகையிலையை மரணதண்டனைக்குரிய குற்றமாக்கினார். அக்காலத்திலே ரஷ்யா சென்ற ஜேர்மானியரான ஒலியாரியஸ், புகையிலை விற்றவர்களுக்குச் சவுக்கடி கொடுக்கப்பட்டதைத் தமது பயணநூலிலே பதிவு செய்துள்ளார். 1649ஆம் ஆண்டின் சட்டக்கோவை மூக்கை அரிவதையும் தண்டனையாக விதித்தது. 1697இல் மகா பீற்றர்தான் விற்பனையை அனுமதித்தார். வரி வருமானம் வேண்டியிருந்தது அவருக்கு. அப்படியிருந்தும் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத் தெருக்களிலே புகைத்தல் இன்னும் நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. அத்தடை நீக்கப்பட்டது 1865இல். ரஸ்கோல்நிக்கோவ் அந்நகரத்துத் தெருக்களிலே காய்ச்சற்காரன்போல் அலைந்து திரிவதும் அந்த ஆண்டின் கோடையிலேதான். மனிதர் பகிரங்கமாகப் புகைக்கத் தொடங்கிய அதே வேளையிலே, கதாசிரியர் ஒரு சிகரட் பெட்டியைக் கொலைக்கருவியின் துணையாகத் தேர்ந்தெடுத்தார். இதற்கு மேல் நான் பொருள் ஏற்றப் போவதில்லை.

தீயை உண்டாக்குவது எவ்வளவு சிரமமான காரியமாக இருந்தது என்பதை, கடையிலே நெருப்புப்பெட்டி வாங்கி வளர்ந்த நாம் மறந்துவிடுகின்றோம். நம் சங்கச் சான்றோர் அறிந்திருந்தது ஞெலிகோல். கோலைக் கோலிலே கடைந்து தீ எடுப்பது. பின்னர் வந்தது சக்கிமுக்கிக் கல். ‘சக்கிமுக்கி’ என்ற ஒலியைக் கேட்டு இது கல்லோடு உருக்கு உரசும் சத்தத்தால் வந்த தமிழ்ச் சொல் என்று நினைப்பவர் உண்டு. தமிழ்ப் பேரகராதி அதனை உருதுவின் ‘சக்மாக்’ என்பதிலிருந்து வந்ததாகக் காட்டும். அதற்கும் மூலம் துருக்கி மொழி. ‘சக்மாக்’ என்றால் அங்கு அடித்தல், தட்டுதல். இன்று துருக்கியர் சட்டைப்பை லைற்றரையும் ‘சக்மாக்’ என்றே அழைக்கின்றனர். ஒரே சொல் துருக்கியிலே புதியதோடு நடந்துபோய்விட்டது; தமிழிலே பழையதோடு தங்கிவிட்டது.

கல்லிலே உருக்கை அடித்தாற் பொறிதான் வரும், சுவாலை வராது. பொறியைப் பிடித்துக் கனியவைக்க ஒரு பஞ்சு வேண்டும். அதற்காக ஐரோப்பியர் கண்ட நேர்த்தியான வழிகளுள் ஒன்று தீத்திரி: வெடியுப்புக் கரைசலிலே தோய்த்து உலர்த்திய பருத்திக் கயிறு. ஒரு பொறி பட்டால் நுனி கனன்றுகொண்டிருக்கும். சுவாலை இல்லாதபடியால் காற்று அதனை அணைக்காது. மாறாக, ஊத ஊத நன்றாகச் சிவக்கும். அணைக்க விரும்பினால் கயிற்றைக் குழலுக்குள்ளே இழுத்துவிட வேண்டியதுதான். காற்றின்றி அது தானே அவியும்.

இரசாயனம் இதற்குள்ளே புகுந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். 1823இல் ஜேர்மானிய விஞ்ஞானி டோபரைனர், நாகத்தையும் அமிலத்தையும் கொண்டு ஐதரசன் வாயுவை உண்டாக்கி, அதனைப் பிளாற்றினத்தின் மீது செலுத்தித் தீப்பற்றச் செய்யும் விளக்கொன்றை அமைத்தார். அழகான பொருள், மேசையிலே வைக்கலாம், பையிலே போடமுடியாது. 1827 ஏப்ரல் 7ஆம் திகதி, இங்கிலாந்திலே ஸ்ரொக்ரன் என்னும் ஊரின் மருந்துக் கடைக்காரரான ஜோன் வாக்கர் தமது உரசு குச்சியின் முதல் விற்பனையைக் கணக்கேட்டிலே எழுதினார். குச்சியின் நுனியிலே பொற்றாசியம் குளோரேற்றும் அந்திமனிச் சல்பைட்டும் கலந்த பசை. மடித்த உப்புத்தாளுக்குள் வைத்து இழுத்தால் பற்றும். காப்புரிமை பெறும்படி நண்பர்கள் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார். அதன் பயனை மற்றவர்கள் அனுபவித்தனர்.

சில ஆண்டுகளில் வெண் பொசுபரசு அக்குச்சியின் நுனியிலே ஏறியது. அதன் பின்னர் எதிலே உரசினாலும் தீ: சுவர், சப்பாத்தின் அடி, சட்டைப்பைக்குள்ளே கிடக்கும் திறப்பு. சட்டைப்பை எரிந்த செய்திகள் அக்காலத்தே அரியனவல்ல. தொழிற்சாலையிலே அக்குச்சியைத் தோய்த்தவர்களின் நிலை இன்னும் கொடியது. பொசுபரசு ஆவியால் தாடையெலும்பு அழுகிற்று. 1888இல் இலண்டனிலே நெருப்புக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களும் சிறுமிகளும் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தமை தொழிலாளர் வரலாற்றிலே பேசப்படுவது. வெண் பொசுபரசைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 1906இலேதான் பேர்ண் நகரிலே கைச்சாத்தாயிற்று. சீமான்களின் வெள்ளிப் பெட்டிக்குள்ளே ஒளிந்திருந்த குச்சிகளின் மறுபக்கம் இது. பழம்பொருட் பிரியர்களின் நூல்கள் இப்பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

ரஷ்ய அரசு வழக்கம்போலத் தீயைக் கண்டு அஞ்சிற்று. 1848இல் முதலாம் நிக்கொலஸ், நெருப்புக்குச்சித் தொழிற்சாலைகள் மொஸ்கோவிலும் பீற்றர்ஸ்பேர்க்கிலும் மாத்திரமே இருக்கலாம் எனச் சட்டமிட்டார். சிறு பட்டறைகள் மூடப்பட்டன. பதினொரு ஆண்டுகளின் பின், 1859இல், அச்சட்டம் நீக்கப்பட்டது. குச்சி மலிந்தது, தெருவிலே புகைக்கும் தடையும் போனது. இவையிரண்டும் நேர்ந்த பின்னரே நாம் இன்று அரும்பொருட்சாலைகளிலே காணும் அந்த விசேடமான ரஷ்யப் பெட்டி உருப்பெறுகின்றது.

அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். உள்ளங்கையளவான நீள்சதுரம், மூலைகள் மழுங்கியவை. நடுவிலே சிகரட் வைக்கும் இடம். ஒரு முனையிலே தனி மூடியுள்ள ஒடுங்கிய அறை, நெருப்புக்குச்சிகளுக்கானது. அதன் அருகே குறுக்குக் கோடுகள் வெட்டிய உரசுபட்டை. இன்னொரு புறத்திலே ஒரு துவாரம். அதனூடாகத் தீத்திரி உள்ளே ஓடி நுனி வெளியே வரும். சிலவற்றிலே கயிற்றின் மறுமுனையிலே குஞ்சம் தொங்கும். சறுக்குவண்டியிலே பனிக்காற்று முகத்திலே அறைய, குச்சியின் சுவாலை நிலைக்காது. ஒரு கணம் குச்சியை உரசித் திரியிலே பற்றவைத்துவிட்டால், அதன்பின் ஆறுதலாகச் சிகரட்டைப் பற்றவைக்கலாம். புதிய குச்சி வந்தபோது பழைய திரியை அந்த மனிதர்கள் எறிந்துவிடவில்லை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள்ளே குடியிருத்தினர். கயிறு இற்றுப்போய், குஞ்சம் தொலைந்து, பல பெட்டிகளிலே இன்று எஞ்சியிருப்பது வெறுந்துவாரம். பார்ப்போர் அதனை எழுதுகோல் செருகும் இடம் என்று எண்ணினால் வியப்பில்லை.

1903இல் ஒஸ்திரிய இரசாயன அறிஞர் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக், இரும்பும் சீரியமும் சேர்ந்த பொறி தரும் கலப்புலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். லைற்றரிலே நாம் ‘கல்’ என்று சொல்வது இதுவே, கல்லல்ல, உலோகம். லைற்றர் பரவப் பரவக் குச்சியறையும் துவாரமும் பெட்டியிலிருந்து மறைந்தன.

வெள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்பெட்டிகளின் உள்ளே ‘84’ என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டோ வரிசை எண்ணோ அன்று. ஒரு ரஷ்ய இறாத்தல் 96 சொலொத்னிக். தொண்ணூற்றாறில் எண்பத்து நான்கு பங்கு சுத்த வெள்ளி என்பதே அதன் பொருள். இக்கால முறையில் ஆயிரத்துக்கு 875. எண்ணின் அருகே, கொகோஷ்னிக் என்ற மரபுத் தலையணி தரித்த ஒரு பெண்ணின் பக்கத்தோற்றம். 1899 முதல் 1908 வரை அவள் இடப்புறம் பார்க்கின்றாள்; 1908இலிருந்து வலப்புறம். 1927இல் சோவியத் அரசு அவளை நீக்கிச் சுத்தியலோடு ஒரு தொழிலாளியின் தலையை வைத்தது. ஆனால் எண்ணை மாத்திரம் 875 என்று மாற்றி எழுதிக்கொண்டது. ஆட்சி மாறியது, தலை மாறியது, வெள்ளியின் கலப்பு மாறவில்லை.

கைவினைஞர் செய்த வித்தைகள் பல. ‘சமரோதொக்’ என்றொரு முறை: வெள்ளித் தகட்டை உருகும் நிலைக்குச் சற்று முன்வரை சூடாக்கிச் சடுதியாகக் குளிரவிடுவர், மேற்பரப்பு சுருங்கி, மண்ணிலிருந்து அப்போதுதான் எடுத்த உலோகக் கட்டிபோலத் தோன்றும். எனக்கு மிகவும் வியப்பளித்தது வேறொன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மொஸ்கோவின் பெயர்பெற்ற வெள்ளிப் பட்டறைகள், ஒவ்ச்சின்னிக்கோவ், ஹ்லெப்னிக்கோவ் முதலியன, சுருட்டுப் பெட்டிகளை மரப்பெட்டி போலவே செய்தன. வெள்ளியிலே மரத்தின் வைரக்கோடுகளைச் செதுக்கினர். கடைப் பெட்டியின் மீது ஒட்டப்படும் வரிப் பட்டியைக்கூட, எழுத்துகளோடு, வெள்ளியிலேயே வெட்டினர். செல்வன் தன் வெள்ளியை மரம்போலக் காட்டி மகிழ்ந்த நாட்டிலே, வறியவன் ஒருவன் மரத்துண்டை வெள்ளியெனக் காட்டினான்! அந்த மாணவனுக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த முழுமையான விடை இதுவே. சிகரட் பெட்டி என்பது ஒருவன் எந்த வரிசையிலே நிற்பவன் என்பதைப் பார்த்தவுடன் சொல்லும் பொருளாக இருந்தது. ரஸ்கோல்நிக்கோவின் கையிலே அந்த வரிசையின் வெளித்தோற்றம் மாத்திரமே இருந்தது.

அந்த வரிசையின் உச்சியிலே அரசவை இருந்தது. சார் மன்னர் தூதுவர்க்கும் தளபதிகட்கும் சிகரட் பெட்டிகளைப் பரிசளித்தார். கார்ல் ஃபபேர்ஜேயின் பட்டறைகளிலே, பெரும்பாலும் பின்லாந்திலிருந்து வந்த கைவினைத் தலைவர்களின் கீழ், மினாக்கு வேலையும் நீலக்கல் பொருத்திய திறவுகுமிழும் கொண்ட பெட்டிகள் உருவாயின. பரிசு பெற்றவர் விரும்பினால் அதனை அரண்மனை அலுவலகத்திலே திருப்பிக் கொடுத்துக் காசாகப் பெற்றுக்கொள்ளலாம். அதே பொருள் மீண்டும் இன்னொருவருக்குப் பரிசாகும். அரசரின் அன்பளிப்புக்கும் அல்யோனா இவானொவ்னாவின் கடைக்கும் இடையே தூரம் அவ்வளவு அதிகமில்லை.

கீழ்மட்டத்து அன்பளிப்புகளுக்கும் ரஷ்ய இலக்கியம் சாட்சி வைத்திருக்கின்றது. இல்ஃபும் பெத்ரோவும் எழுதி 1931இல் வெளியான ‘பொற்கன்று’ என்ற அங்கத நாவலின் முடிவிலே, ஓஸ்தாப் பெந்தர் என்னும் எத்தன் பழைய ரஷ்யாவின் பொன்னையெல்லாம் தன் உரோம அங்கிக்குள் மறைத்துக்கொண்டு, உறைந்த தினீஸ்தர் ஆற்றைக் கடக்கின்றான். அவற்றுட் பல பொன்னிலான சிகரட் பெட்டிகள். வங்கி இயக்குநருக்கு ஊழியர் கொடுத்தது, உயர் அதிகாரிக்கு அவரின் கீழ் இருந்தோர் கொடுத்தது என்று ஒவ்வொன்றிலும் நன்றி பொறிக்கப்பட்டிருக்கின்றது. எல்லாவற்றிலும் பாரமானது, ஒரு பொலிஸ் அதிகாரிக்கு அவரது பகுதியின் யூத வணிகர்கள் கொடுத்தது. அச்சமூகம் அக்காலத்தே யாருக்கு அஞ்சி வாழ்ந்தது என்பதைப் பெட்டியின் நிறை சொல்லிவிடுகின்றது. மறுகரையிலே எல்லைக் காவலர் ஏறத்தாழ அனைத்தையும் பறித்துக்கொள்கின்றனர்.

வாழ்க்கையிலே அது அவ்வளவு சிரிப்புக்குரியதாய் இருக்கவில்லை. 1914இல் யுத்தம் வந்ததும் ஃபபேர்ஜே நிறுவனம் செம்பிலும் பித்தளையிலும் எளிய பெட்டிகளையும் கிண்ணங்களையும் செய்தது. புரட்சியின் பின் கடை போயிற்று. 1918இல் நாட்டை விட்டகன்ற ஃபபேர்ஜே, 1920இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலே காலமானார். 1931 முதல் 1936 வரை ‘தோர்க்சின்’ என்ற அரசாங்கக் கடைகள் இயங்கின. மக்கள் தம்மிடமிருந்த பொன்னையும், 1932இன் இறுதியிலிருந்து வெள்ளியையும் அங்கு கொடுத்து உணவு வாங்கலாம். 1932-33 பஞ்ச காலத்திலே அவர்கள் அதிகம் வாங்கியது மா. தராசிலே வைத்தது நிறைக்கு மாத்திரமே விலையாயிற்று. செதுக்கு வேலைக்கோ, உள்ளே பொறித்த பெயருக்கோ விலையில்லை. எத்தனை பெட்டிகள் அவ்வாறு உருகி மாவாயின என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகின்றது.

ஒரு சில தப்பின. சாரின் சிறிய தந்தையாரான விளடிமிர் கோமகனின் விதவை, மரியா பாவ்லொவ்னா. அவருக்குரிய சிகரட் பெட்டிகளும் சட்டைக்கைப் பொத்தான்களும் 1918 நவம்பரில் இரண்டு தலையணை உறைகளுக்குள்ளே போடப்பட்டு, பெத்ரோகிராட்டிலிருந்த சுவீடன் தூதரகத்திலே ஒப்படைக்கப்பட்டன. மேலும் இரண்டாண்டுகள் கழியுமுன் அவர் பிரான்சிலே இறந்தார். உறைகளைக் கேட்டு எவரும் வரவில்லை. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின், சுவீடன் வெளிநாட்டமைச்சின் களஞ்சியத்திலே அவை கட்டவிழ்க்கப்பட்டன, வழித்தோன்றல்களிடம் சேர்ப்பிக்கப்பட்டன. 2009 நவம்பர் 30ஆம் திகதி இலண்டனிலே சொதபி நிறுவனத்தார் ஏலமிட்டபோது, மதிப்பீட்டைப்போலப் பன்மடங்கு விலை போயின. தலையணை உறைக்குள்ளே எதைப் போட்டுக் கட்டுவது, எதை விட்டுவிடுவது என்று ஒரு வீட்டார் நடுவறையிலே நின்று தீர்மானிக்கும் அந்த நேரத்தை நம்மவர்க்கு உரை எழுதி விளக்க வேண்டியதில்லை.

சென் பீற்றர்ஸ்பேர்க்கிலே தொஸ்தோயெவ்ஸ்கி கடைசியாகக் குடியிருந்த வீடு 1971இல் அரும்பொருட்சாலையாகத் திறக்கப்பட்டது. அவருடைய புகையிலைப் பெட்டியொன்று அங்கே காட்சிக்கு இருக்கின்றது. வெள்ளிப் பெட்டியல்ல, கடையிலே வாங்கிய சாதாரணப் பெட்டி. இரவிரவாகக் கடும் தேநீரோடும் பாப்பிரோசாவோடும் எழுதிய மனிதர் அவர். பெட்டியின் அடிப்புறத்திலே பதினொரு வயது மகள் லியுபோவ் தன் கையெழுத்தில் ஒரு திகதி குறித்து வைத்திருக்கின்றாள்: 1881 ஜனவரி 28, அப்பா இறந்த நாள்.